இரண்டு அடித் தொட்டிக்கு எந்த மீன்? கோல்ட் ஃபிஷ், கப்பி, ஃபைட்டர், டெட்ரா, டேனியோ

அக்கா வீட்டு மீன்தொட்டி மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது. பழைய சார்ஜர், கரண்ட் பில், உடைந்த பம்பரம் எல்லாம் அதற்குள்தான். போன மாதம் அக்கா மகன் உண்டியலை உடைத்து 500 ரூபாயோடு வந்து நின்றான். "மாமா, கொளத்தூர் போலாமா? கோல்ட் ஃபிஷ் வாங்கணும்."

சென்னையில் மீன் வளர்க்கிறவர்களுக்குக் கொளத்தூரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வரிசையாக வண்ணமீன் கடைகள், மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி கட்டி மீன் பெருக்குகிற குடும்பங்கள். அங்கே போய் நின்றுவிட்டால் கண் போகிற இடத்துக்கெல்லாம் காசும் போகும். அதனால் வண்டியை எடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர். அடியில் கூழாங்கல், மேலே நாலு விரல் இடைவெளி எல்லாம் போக நிஜத்தில் 45 லிட்டர்தான். மீனின் விலையைவிட இந்த 45 லிட்டர்தான் முடிவைச் சொல்கிறது.

கோல்ட் ஃபிஷ்ஷிலிருந்தே தொடங்குவோம், அவன் ஆசை அதுதானே. சின்னதாக ஒரு ஜோடி நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். பார்க்க அழகு, கையிலிருந்தே தீனி வாங்கும் அளவுக்குப் பழகும். ஆனால் இது கெண்டைக் குடும்பத்து மீன். சீனாவில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நிறம் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது. கடையில் இரண்டு அங்குலம் இருப்பது ஒழுங்காக வளர்ந்தால் ஒரு சாண் நீளம் வரும், பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். கெண்டைக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தின்றது சீக்கிரமே வெளியே வந்துவிடும், உடனே மறுபடி பசிக்கும். அந்தக் கழிவால் மீனுக்கு விஷமான அம்மோனியா தண்ணீரில் ஏறிக்கொண்டே இருக்கும். அதோடு இது குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரி பக்கம் இருந்தால் சுகமாக இருக்கும். சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் தங்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். அதைப் பார்த்து 'பாவம், பசிக்குது' என்று இன்னும் கொஞ்சம் தீனி போடுவோம். நானே போட்டிருக்கிறேன், அந்த மீன் இரண்டே நாளில் போய்விட்டது.

இரண்டு கோல்ட் ஃபிஷ் பெரிதாகி வாழ வேண்டுமென்றால் குறைந்தது மூன்று அடித் தொட்டி, நல்ல ஃபில்டர், ஸ்டாண்டு. சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். நூறு ரூபாய் மீனுக்கு இவ்வளவா என்று கேட்டால், ஆமாம், இவ்வளவுதான். ஒருமுறை ஒரு கடைக்காரரிடம் "அண்ணே, ரெண்டு அடித் தொட்டில எத்தனை கோல்ட் ஃபிஷ் விடலாம்?" என்று கேட்டேன். "பத்து விடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகாதுதான்.

கப்பி இதற்கு நேரெதிர். தென் அமெரிக்காவின் வடக்கிலிருந்து வந்தது என்றாலும் நம் ஊர் போர் தண்ணீர் இதற்கு அப்படியே ஒத்துப்போகிறது. குளித்தால் தலைமுடி பிசுக்கேறும் அந்தக் கடினத் தண்ணீரில்தான் கப்பி நன்றாக இருக்கும். மீனுக்கேற்ற தண்ணீரைத் தேடுவதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுவது மலிவு என்பேன். ஐந்து வாட் ஏர் மோட்டாரும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 7 யூனிட்டுதான் கூடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு ஈத்து. "பொட்டையா மட்டும் வாங்கிட்டா?" என்று அக்கா மகன் கேட்டான். நல்ல கேள்வி, ஆனால் பலிக்காது. ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி அதை உடம்பில் சேமித்துவைத்து அடுத்தடுத்துப் பல ஈத்துக் குட்டி போடும். கடையில் இருக்கிற பெண் மீன்கள் பெரும்பாலும் வயிற்றில் குட்டியோடுதான் இருக்கும். ஆறு மாதத்தில் தொட்டி நிரம்பி, பக்கத்து வீடு, எதிர் வீடு, பள்ளிக்கூட நண்பர்கள் என்று எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசியில் ஏரியில் விடலாமா என்று தோன்றும். விடக்கூடாது. உள்ளூர் மீன்குஞ்சுகளின் வாழ்வில் மண்ணைப் போட்டதாகிவிடும். ஆகவே ஆண் கப்பி மட்டும். வாலும் நிறமும் அவற்றுக்குத்தானே. இன்னொன்று: பாம்புத்தோல், டக்ஸீடோ என்று பெயர் வைத்து விலை ஏற்றி விற்கிறவை உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து எடுத்தவை. சாதாரணக் கலப்புக் கப்பி அவற்றைவிட உரம்.

ஃபைட்டர் எல்லாவற்றிலும் சிக்கனம். தாய்லாந்துக்காரர்கள் 2019-இல் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டார்கள். மேலே வந்து காற்றை நேராகவே சுவாசிக்கும் என்பதால் கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒரு மீன், ஒரு நாளைக்கு நாலைந்து உருண்டை தீனி, முடிந்தது. அதற்காகக் கடையில் வைத்திருக்கிற அந்த ஊறுகாய் பாட்டில் அளவு போதும் என்று நினைக்க வேண்டாம், அது விற்பனைக்காக வைத்தது. பதினைந்து லிட்டராவது கொடுங்கள். தொட்டியே இல்லாதவர் என்னைக் கேட்டால் ஃபைட்டர் என்றுதான் சொல்வேன். இங்கே இரண்டு அடித் தொட்டி ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஒற்றை மீன் என்றால் பையன் முகம் வாடிவிடும். கப்பியோடு சேர்த்தும் விட முடியாது. நீள வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும்.

நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன். மென்மையான தண்ணீர் வேண்டும், ஆறு மீனாவது சேர்ந்து இருக்க வேண்டும். பண்ணையில் வளர்ந்தவை கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், ஆனால் எங்கள் தெரு போர் தண்ணீரில் நான் நம்பி விடமாட்டேன். கேன் தண்ணீர் கலக்க வேண்டும். வாரம் 10 லிட்டர் மாற்றினாலே மாதம் இரண்டு கேன். வருடத்துக்கு அந்தத் தண்ணீர்க் காசு மீன் விலையைத் தாண்டிவிடும். ஏஞ்சல் மீனும் வேண்டாம், அதற்கு நீளத்தைவிட உயரம் தேவை. மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலை ஆற்று மீன், அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருப்பது. ஓடும் தண்ணீரும் பெரிய தொட்டியும் கேட்கும். அது இங்கே பேச்சே இல்லை.

யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று ஜீப்ரா டேனியோ. நம் துணைக்கண்டத்து ஓடை மீன், உடம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் நிற்காது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை வளர்ப்பதற்கு இதன் உறுதியும் வளர்ப்பதிலுள்ள சுலபமும் ஒரு காரணம். விலையும் குறைவு. ஆறு சேர்ந்து விட்டால் தொட்டி உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு குறை, துள்ளும். மூடி போட வேண்டும்.

சரி, 500 ரூபாயையும் ஒரே நாளில் மீனாக மாற்றலாமா? கூடாது. மூன்று மாதம் காய்ந்த ஃபில்டரில் அம்மோனியாவைச் சாப்பிடும் பாக்டீரியா எதுவும் மிச்சமிருக்காது. மறுபடி வளர நாலைந்து வாரம் ஆகும். அதற்குள் தொட்டியை நிரப்பினால் ஒவ்வொன்றாக மிதக்கும். நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சை, கழுவாமல், கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு குறையும். இதற்குக் காசே ஆகாது.

கொளத்தூரில் விலை எங்கள் தெருக் கடையைவிட ஏறக்குறையப் பாதி. ஆனால் அன்றைக்குத்தான் பையிலிருந்து இறக்கிய மீனும் அங்கே உண்டு. ஒரு வாரமாகக் கடையிலேயே இருக்கிற மீனைக் கேளுங்கள். தீனி போடச் சொல்லி, தின்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொட்டியில் ஒன்று செத்துக் கிடந்தாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றாலோ, ரவை தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி தெரிந்தாலோ நகர்ந்துவிடுங்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையைப் போட்டு அள்ளுகிற கடையையும் நான் தவிர்ப்பேன், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்விடும்.

கடைசியில் வாங்கியது ஆண் கப்பி நாலு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு டப்பா தீனி. மோட்டார் பழையதே ஓடியது. போக 200 ரூபாய் மிச்சம், அடுத்த மாத டேனியோவுக்கு. வீட்டுக்கு வந்ததும் பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, மீனை மட்டும் விட்டோம். பைத் தண்ணீர் செடிக்குப் போனது.

பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். "மூணு அடித் தொட்டி வாங்குனா கோல்ட் ஃபிஷ் விடலாம்ல மாமா?"

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அதை எங்கடா வைப்பீங்க, என் தலைமேலயா?"