அக்னி நட்சத்திரத்தில் பிறந்தநாள் கேக்: பல வருட வீட்டு அனுபவம்

என் மகளின் பிறந்தநாள் மே மாதத்தில், சரியாக அக்னி நட்சத்திரத்தின் நடுவில் வரும். மதுரையில் அப்போது வெயில் 40 டிகிரியைத் தொடும். பல வருடங்களாக அவளுக்கு வீட்டிலேயே கேக் செய்கிறேன். கேக் சுடுவது எளிது. அந்த வெயிலில் அதன் மேல் எதைப் பூசினால் நிற்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் கேக். மாமியார் முட்டை சாப்பிடமாட்டார்கள், அதனால் எங்கள் வீட்டில் தயிர் கேக்தான். புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை ஒரு கப் எடுத்து நன்றாகக் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சோடா உப்பும் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் நுரைத்து வரும். அப்புறம் அரை கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா எசென்ஸ், சலித்த மைதா ஒன்றரை கப். மைதா போட்டபின் கட்டியில்லாமல் கலந்தால் போதும். அதிகம் அடித்தால் கேக் அழுத்தமாகிவிடும். 7 அங்குல டின்னில் ஊற்றி, சூடேற்றி வைத்த ஓடிஜி என்ற சின்ன மின் அடுப்பில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். ஓடிஜி வாங்குகிறவர்கள் உள்ளே வைக்கும் சின்ன தெர்மாமீட்டரையும் சேர்த்து வாங்குங்கள். திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல அடுப்புகளில் ஒன்றாக இருப்பதில்லை.

இனி மேல்பூச்சு. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்யும் பட்டர் கிரீமின் ருசி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே அது நிற்கவே நிற்காது. கேக் கடைப் பொருட்கள் விற்கும் இடங்களில் கிடைக்கும் பால் சேராத விப்பிங் கிரீம் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து இளகவிட்டு, குளிர்ந்த பாத்திரத்தில் அடித்தால் பூ அழகாக விழும். ஆனால் ஏசி இல்லாத கூடத்தில், விருந்தாளிகள் வந்து சேர்வதற்குள் ஓரத்துப் பூக்கள் சரிய ஆரம்பித்துவிடும். நாக்கில் ஒட்டும் அந்த எண்ணெய்ப் பிசுக்கும் எனக்கு ஒத்துவரவில்லை. டெட்ரா பேக்கில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் கெட்டியாகாது, அதற்குக் கொழுப்பு போதாது.

ஆனால் அதே ஃப்ரெஷ் கிரீமில் கனாஷ், அதாவது சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு, பிரமாதமாக வரும். வருடக்கணக்கில் பார்த்ததில் நம் கோடைக்கு இதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 400 கிராம், கிரீம் 200 கிராம். கிரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை மட்டும் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுக் கலக்க வேண்டும். குளிர்காலம் என்றால் சம அளவு போதும். கோடையில் இரண்டுக்கு ஒன்றுதான் நிற்கும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருப்பதால் ருசி ஒரு படி குறைவு, பரவாயில்லை. கேக் முழுதாக ஆறியபின் மெல்லிய முதல் பூச்சு பூசி, உதிரும் தூள் அதில் ஒட்டிக்கொண்டதும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு முழுப் பூச்சு. கையால் சுற்றும் டர்ன்டேபிள் இருந்தால் ஓரம் வழவழவென்று வரும். வாங்கியதிலேயே அதிகம் உழைத்த பொருள் எனக்கு அதுதான். பூ போடும் முனைகளான நாசில்களின் பெரிய செட் தேவையில்லை, ஒரு நட்சத்திர நாசிலே எல்லாவற்றுக்கும் போதும்.

பெயரைத் தமிழில்தான் எழுதுவேன். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை நிரப்பி, நுனியை ஊசி அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். துளை பெரிதானால் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில் தட்டில் எழுதிப் பாருங்கள். மெய்யெழுத்துப் புள்ளிகளைக் கடைசியில் வையுங்கள். சுற்றி ஜெம்ஸ் மிட்டாய்களை மகளே அடுக்குவாள், அந்த வேலையை வேறு யாருக்கும் தரமாட்டாள்.

வெட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் கனாஷில் விரிசல் விழாது.