கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தனியார் ஏரி: படகும் மீனும் நன்று, கலிங்கு வலைதான் கவலை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில், தென்னந்தோப்பு ஒன்றின் நடுவே ஓடையை மறித்து மண் கரை போட்டுத் தேக்கிய இந்த ஏரி, தோப்புப் பாசனத்துக்காக உருவாகிப் பின்னர் படகும் தூண்டிலும் கொண்ட பொழுதுபோக்கு இடமாக மாறியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் சித்தூர் வட்டத்தில் இவ்வளவு நீரைப் பார்ப்பதே குடும்பத்தோடு வருவோருக்கு மகிழ்ச்சி. பணியாளர்கள் தமிழும் மலையாளமும் பேசுகிறார்கள்.

துடுப்புப் படகுகள் நல்ல நிலையில் உள்ளன. ஆனால் சிறுவர்களுக்குப் பொருந்தும் மிதவை உடுப்பு இல்லை. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசுவதால் துடுப்புப் போடுவது எளிதன்று. பிடித்த மீனை எடை போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, மிளகாயும் மஞ்சளும் தடவி அங்கேயே பொரித்துத் தருகிறார்கள். நாங்கள் உண்ட திலேப்பியாவில் சேற்று வாடை துளியும் இல்லை.

இத்தகைய இடத்தில் உணவை விடக் கரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நீர்ப்பக்கச் சரிவில் கல் பதிப்பு உறுதியாக இருக்கிறது. வெளிச்சரிவில் புல்லை ஒட்ட வெட்டியிருப்பதால், கரையின் அடியில் ஓரிடத்தில் நீர் கசிவது தெளிவாகத் தெரிகிறது. கசியும் நீர் தெளிந்தும் அளவு கூடாமலும் இருக்கும் வரை பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கவனித்து வர வேண்டும். அது கலங்கி வந்தால் கரையின் உள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அதே சரிவில் நிழலுக்காக வளர்த்திருக்கும் மரங்களை அகற்றுவது நல்லது, ஏனெனில் பட்டுப்போன வேர் விட்டுச்செல்லும் துளையே நீருக்கு வழியாகிவிடும்.

பெரிய குறை, ஏரி நிரம்பும்போது மிகை நீர் வெளியேறும் வழியான கலிங்கில் இருக்கிறது. மீன் வெளியேறாமல் இருக்க அதன் குறுக்கே வலை கட்டியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது அதில் ஆகாயத்தாமரையும் தென்னம்பாளையும் சேர்ந்து பாதி வழியை அடைத்திருந்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், செல்வந்தர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமான சவுத் ஃபோர்க் மண் அணையிலும் இப்படித்தான் மீனுக்காகத் தடுப்பு வைத்திருந்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அதில் குப்பை அடைத்து, நீர் கரைக்கு மேல் வழிந்து, அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரில் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே கரையின் உச்சியைத் தாழ்த்தியதும், அணையின் அடியில் நீரை வெளியேற்ற இருந்த குழாய்களை அகற்றியதும் சேர்ந்த காரணங்கள். அந்த அணை இதைவிடப் பல மடங்கு பெரியது என்றாலும், மேலே நீர் வழிந்தால் மண் கரை அரிபடும் விதம் ஒன்றே.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்கும் மட்டுமே பொருந்தும். அவ்வளவு உயரமில்லாத இக்கரையைக் காக்கும் பொறுப்பு உரிமையாளரையே சார்ந்தது. வலையை எடுத்தால் மீனெல்லாம் கீழ் வயலுக்குப் போய்விடும் என்றார் மேற்பார்வையாளர். மழைக் காலத்திலாவது எடுத்துவிடலாமே.

பகலில் சென்று படகோட்டி, மீன் உண்டு திரும்ப இது நல்ல இடம். வாடகைக் கூடாரங்களைக் கரைக்குக் கீழே, ஓடை ஓரத்தில் அமைத்திருப்பதால், ஐப்பசி மழையின்போது அங்கே இரவு தங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.