மக்பெத்தைப் படிப்பதா, பார்ப்பதா?

ஷேக்ஸ்பியரைப் படிப்பதா, படமாகப் பார்ப்பதா என்று யாராவது கேட்டால், எந்த நாடகம் என்றுதான் முதலில் கேட்பேன். 'மக்பெத்' என்றால் என் வாக்கு புத்தகத்துக்கு. 'லியர்' என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

மக்பெத் அவருடைய சோக நாடகங்களிலேயே சிறியது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்வரும் ரயிலில், இருக்கை கிடைத்தால், சில நாட்களில் முடித்துவிடலாம். (கிடைக்காவிட்டால், வாசலோரம் கடற்காற்றில் பக்கம் புரட்டுவது தனி வித்தை.)

அந்தக் குத்துவாள் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னன் டங்கனைக் கொல்லப் போகும் மக்பெத், கண்முன்னே ஒரு குத்துவாள் தெரிவதாகச் சொல்கிறான். பிடிக்கப் பார்க்கிறான், அகப்படவில்லை. படிக்கிற நமக்கு அவன் பேச்சைத் தவிர வேறு சாட்சி இல்லை. ரோமன் பொலான்ஸ்கியின் 1971 படத்திலோ வாள் மினுமினுத்துக்கொண்டு அந்தரத்தில் மிதக்கிறது. சரி, நாமும் பார்த்தாயிற்று, இனி அவனைச் சந்தேகிக்க என்ன மிச்சம்? அதோடு விடாமல், நாடகம் மேடைக்கு வெளியே வைத்த கொலையையும் அவர் படுக்கையறைக்குள் புகுந்து காட்டிவிடுகிறார். நாடகத்தில் அந்த நேரம் நாம் நிற்பது லேடி மக்பெத்தோடு. ஆந்தை அலறுகிறது, அவள் திடுக்கிடுகிறாள், அவன் இரத்தக் கையோடு வருகிறான். அப்புறம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பேச்சுக்கு நடுநடுவே 'தட்டும் ஓசை' என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வரும். எந்தப் படத்தின் சத்தமும் அந்தச் சின்னக் குறிப்பு அளவுக்கு என்னை உலுக்கியதில்லை.

அதற்காகப் படம் என்றாலே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். அகிரா குரோசாவா 1957இல் இதே கதையை ஜப்பானியக் கோட்டைக்குள் கொண்டுபோனார். அவரும் கொலையைக் காட்டவில்லை. நாயகனின் மனைவி அசாஜி நடக்கும்போது பட்டு உடை தரையில் உரசும் சரசரப்பு மட்டும் கேட்கிறது. இருட்டுக்குள் போய் மறைகிறாள், மதுச்சாடியோடு திரும்பி வருகிறாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. புத்தகத்து லேடி மக்பெத் பேசிப்பேசியே புருஷனை ஏற்றிவிடுகிறவள். இவளுக்கு அவ்வளவு பேச்சே தேவைப்படவில்லை. ஆனால் மனைவி இறந்த சேதி வந்ததும் மக்பெத் "நாளை, நாளை, நாளை" என்று பேசும் இடம் அந்தப் படத்தில் கிடையாது. எனக்கு அது பெரிய நட்டம். அந்தப் பேச்சுக்காகவே என் வாக்கு மாறவில்லை.

லியரில் கணக்கு வேறு. படிக்கும்போது எனக்கு இடறுவது தொடக்கம்தான்: லியர் மன்னனின் மூத்த பெண்கள் இரண்டு பேருக்கும் அப்பன்மேல் ஏன் இவ்வளவு கல்நெஞ்சு? நாடகம் பெரிதாக விளக்குவதில்லை. குரோசாவாவின் 'ரான்' (1985) மகள்களை மகன்களாக்கி, கிழவனுக்கு ஒரு கடந்தகாலத்தையும் கொடுக்கிறது. அவன் ஊர்களை எரித்து, குடும்பங்களை அழித்து மேலே வந்தவன். அப்படி அழிந்த குடும்பத்துப் பெண்ணே மருமகளாக வந்து பழிவாங்கக் காத்திருக்கிறாள். பார்க்கிறவருக்கு எல்லாம் பொருந்திப் போகிறது, கொஞ்சம் அதிகமாகவே. நாடகத்தின் கடைசிக் காட்சியோ வேறு மாதிரி இடறும். இறந்த மகளைப் பார்த்து லியர் ஒரே வரியில் ஐந்து தடவை 'இனி இல்லை' என்கிறார். அச்சில் கண் அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். ஐந்தையும் ஐந்து விதமாகச் சொல்ல ஒரு நடிகர் வேண்டும். ஆகவே லியருக்கு முதலில் படம், பிறகு புத்தகம்.

ஆங்கிலம் மலைப்பாக இருக்கிறது என்பவர்களுக்கு நம் ஆளிடமே வழி உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 'மதங்க சூளாமணி' என்ற நூலில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பேசுகிறார். நடை கொஞ்சம் கடுமைதான், பொறுமை வேண்டும்.

'ஹம்லெட்' பெரியது, அதனால் சுருக்கத்துக்கு ஆசைப்பட்டு லாரன்ஸ் ஒலிவியரின் 1948 படத்தோடு முடித்துக்கொள்ளாதீர்கள். ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டேர்ன், ஃபோர்டின்ப்ராஸ் என்ற மூன்று பாத்திரங்களையும் அதில் வெட்டிவிட்டார்கள். கென்னத் பிரானாவின் 1996 படம் முழு நாடகத்தையும் வைத்திருக்கிறது, ஓட்டம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். போயா விடுமுறையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.