சைட் ஸ்டெப்புக்கு கிரிப் அடிக்கப் போகிறவர்கள் கவனம்: 38,000 ரூபா போய்விட்டது

முந்தாநாள் அம்மா வண்டியிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே நாலு தையல். சறுக்கக்கூடாது என்று 38,000 ரூபா கொடுத்து வேலை செய்வித்த அதே சைட் ஸ்டெப்பில், வண்டி ஏறி இறங்க மிதிக்கும் பக்கப் படியில்தான் விழுந்தார். வேலை முடிந்து பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை.

என்னுடையது பழைய ஃபோர் வீல் டபுள் கெப். மஸ்கெலியா பக்கத்துத் தோட்ட ரோடுகள் எப்படி என்று தெரியும்தானே. ஆடி மழையில் செருப்பில் சேறு இல்லாமல் யாரும் வண்டி ஏறுவதில்லை. கறுப்புப் பூச்சுப் பூசிய அந்த இரும்புப் படி நனைந்தால் பாசி பிடித்த கல்தான். முதலில் சொரசொரப்பான கிரிப் டேப் ஒட்டிப் பார்த்தேன். ஈரமும் குளிரும் சேர்ந்ததில் பசை பிடிக்கவில்லை, ஒரு வாரத்தில் ஓரம் கிளம்பிவிட்டது.

அப்புறம்தான் ஹட்டன் பக்கம் இருக்கும் ஒரு வாகன உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். கெப் வண்டிகளின் பின்தட்டுக்கு அடிக்கிற தடித்த பொலியூரித்தேன் பூச்சைப் படிக்கும் அடித்துத் தருவதாகச் சொன்னார். பூசிய இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, தண்ணீர் ஊற்றி, "மிதிச்சுப் பாருங்கண்ணே" என்றார். மிதித்தேன், அசையவே இல்லை. "எங்கம்மாவும் தோட்டத்துலதான் கொழுந்து எடுத்தாங்க, உங்கம்மா காலுக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். முழுப் பணத்தையும், 38,000 ரூபாவையும், அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பொழுது சாய வண்டியை எடுத்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் மழைக்கு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்தது. நகத்தால் சுரண்டினேன், கையில் வந்தது மணல். சாதாரணக் கறுப்புப் பெயின்டை அடித்து, காய்வதற்குள் மணலைத் தூவியிருக்கிறார்கள். அடியில் பழைய பூச்சு அப்படியே பளபளவென்று இருந்தது. தேய்க்கவும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவும் இல்லை. இதில் எதுதான் பிடிக்கும்?

போன் எடுத்தேன். "மழையில ஓட்டுனா அப்படித்தான் அண்ணே, செட் ஆகட்டும்." மழைக்குத்தானே செய்தேன்! இரண்டாம் முறை, பாஸ் கொழும்பில். மூன்றாம் முறை நேரில் போனேன். பிளேன்டீ கொடுத்த அதே மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், "உங்க இரும்புலதான் பிழை" என்றார். படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அம்மா விழுந்ததையும் எழுதி அனுப்பினேன். அதற்கும் நீல டிக் மட்டும்.

பில்லை இப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். "சைட் ஸ்டெப் வேலை 38,000" என்று மட்டும் இருக்கிறது. என்ன பூச்சு, எத்தனை மாத உத்தரவாதம், ஒன்றுமே இல்லை.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். பழைய பூச்சின் பளபளப்பு போகும்வரை தேய்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஈர நாளில் அடிக்க விடாதீர்கள். பூச்சின் பெயரைப் பில்லில் எழுத வையுங்கள். பாதிப் பணத்தை இரண்டு மழை போகும்வரை கையில் வைத்திருங்கள்.

அம்மா, "விட்டுத் தள்ளு தம்பி" என்கிறார். விடமாட்டேன், 38,000 ரூபா சும்மா வந்ததில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் முறைப்பாட்டு போன் இலக்கம் 1977க்கு நாளைக் காலை எடுக்கிறேன். இப்போதைக்குப் படியில் அம்மா கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருக்கிறேன். கட்டு மாற்ற அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.