காக்பிட்டைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

கூலிக்கு மாடல் விமானம் கட்டித் தருபவரிடம் இரட்டை இறக்கை விமானத்தை ஒப்படைக்கப் போகிறவர்கள், உடல்பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன், விமானி உட்காரும் காக்பிட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வரும்வரை மீதிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கோயம்புத்தூரில் ஒருவரிடம் 9,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நான் வாங்கி வந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

நான் இருப்பது கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில். கிட் (மாடலின் உதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டி), பெயின்ட், பசை எதுவானாலும் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கோவைக்குப் போய்த்தான் வாங்குவேன். அங்கே கிடைத்த அறிமுகம்தான் இந்த மனிதர்.

கொடுத்தது 1:32 அளவில், அதாவது நிஜத்தில் 32இல் ஒரு பங்காக, எஸ்.இ.5ஏ. முதல் உலகப்போரில் இந்திரலால் ராய் பிரிட்டிஷ் விமானப்படையின் 40ஆம் ஸ்குவாட்ரனில் ஓட்டிய விமானம். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வான்போர் வெற்றிகளைக் கணக்கில் சேர்த்து, அதே மாதம் 22ஆம் தேதி, பத்தொன்பது வயதில் சுட்டு வீழ்த்தப்பட்ட கல்கத்தாக்காரர். எங்கள் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் அவருடைய விமானம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் எனக்கு வரும். ஆனால் நிஜக் கம்பிகளுக்குப் பதிலாக 0.1 மி.மீ. இழையை இடுக்கியில் பிடித்துக் காக்பிட்டுக்குள் குறுக்கே கட்ட இந்த வயதில் கை நிற்பதில்லை. அதற்காகத்தான் பணம் கொடுத்தேன்.

உள்ளே கம்பி எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்து விமானத்தின் உடல் ஒரு மரக்கூடு. நீளவாக்கில் நான்கு சட்டங்கள், அவற்றை இணைக்கும் கட்டைகள். அவ்வளவோடு விட்டால் ஒவ்வொரு கட்டமும் பாரம் ஏறியதும் சாய்சதுரமாகிவிடும். கம்பி இழுவையைத் தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே மூலைக்கு மூலை, எதிரெதிர்த் திசையில் இரண்டு கம்பிகளை விறைப்பாகக் கட்டுவார்கள். அதோடு விமானியின் கைத்தண்டிலிருந்து, மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகையான எலிவேட்டருக்கும் கால்பட்டையிலிருந்து சுக்கானுக்கும் கேபிள்கள் பின்னோக்கி ஓடும். கம்பி தொய்ந்த விமானம் தரையைவிட்டு எழும்பக் கூடாத விமானம். மாடலிலும் தொய்வு கண்ணை உறுத்துவது இதனால்தான்.

அவர் முதலில் அனுப்பிய மாதிரிப் படத்தில் இழைகள் அத்தனை மெல்லியவை, விறைப்பானவை. வெளிநாட்டு எலாஸ்டிக் இழை என்று சொல்லி 1,200 ரூபாயைப் பில்லில் தனியாகப் போட்டார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இருக்கைக்குப் பின்னால் கறுப்புத் தையல் நூலில் ஒரே ஒரு பெருக்கல் குறி, பிசிறு எழும்பிக்கொண்டு நிற்கிறது. நூலின் தடிமன் கால் மி.மீ.; 32ஆல் பெருக்கினால் 8 மி.மீ. நிஜ விமானத்தில் அவ்வளவு தடிமனான கம்பியைக் கட்டினால் விமானிக்கு உட்கார இடம் இருக்காது! கட்டுப்பாட்டுக் கேபிள் ஒன்றுகூட இல்லை. கைத்தண்டின் உச்சியில் இருக்க வேண்டிய வட்டப் பிடி கழன்று தரையில் கிடக்கிறது.

கருவிப் பலகையின் டயல்கள் எல்லாம் வெள்ளை பூத்திருக்கின்றன. சூப்பர் குளூ உலரும்போது எழும் ஆவி பக்கத்தில் இருப்பவற்றின் மேல் வெண்படலமாகப் படியும். காற்றோட்டம் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இவர் பசை காயும் முன்பே உடலை மூடியிருக்கிறார். இரண்டு பாதிகளையும் பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கும் பசையால் இணைத்திருப்பதால் பிரிக்கவும் வழியில்லை. திறக்க வேண்டுமானால் அறுக்க வேண்டும்.

இறக்கைக் கம்பிகளின் கதை இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் வெளியானது. எலாஸ்டிக் என்று காசு வாங்கியவர் கட்டியிருந்தது மார்க்கர் மை பூசிய மீன்பிடி நைலான். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். மழை பிடித்ததும் அத்தனையும் தொங்கிவிட்டன. அசல் எலாஸ்டிக் இழையை இழுத்தால் பல மடங்கு நீண்டு, விட்டதும் சுருங்கிவிடும். உங்கள் முன்னால் ஒரு துண்டை இழுத்துக் காட்டச் சொன்னாலே தெரிந்துவிடும். எஸ்.இ.5ஏயின் இறக்கைகளுக்கிடையில் இருந்தவை உருண்டைக் கம்பிகள் அல்ல, காற்றைக் கிழிக்கும் தட்டைக் கம்பிகள் என்ற நுணுக்கத்தை நான் கேட்கவே இல்லை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

போனில் கேட்டபோது, “உள்ளே யார் சார் டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. “நீங்கள் கேரளம், நான் தமிழ்நாடு. எங்கே போய்ப் புகார் கொடுப்பீர்கள்?”

எல்லையோரத்தில் வசிப்பவர்களை இந்த ஒரு கேள்வியால் வாயடைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. இதை எழுதி அனுப்பிய பிறகு, இழைக்கான 1,200 ரூபாயை மட்டும் தருவதாகச் செய்தி வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். எலாஸ்டிக் என்று எழுதிய பில், அவர் அனுப்பிய மாதிரிப் படம், டார்ச் வெளிச்சத்தில் நான் எடுத்த படங்கள் மூன்றையும் இணைத்துப் பாலக்காட்டு ஆணையத்துக்குப் புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது.