மைக்ரோவேவில் கிழங்கு மசியல்: மலைநாட்டுக் குசினியில் நீண்டகாலப் பாவனை

மூன்று பேருக்கு, தோல் சீவிய அரைக் கிலோ உருளைக்கிழங்கு வரைக்கும் மைக்ரோவேவ் நல்ல வேலைக்காரன். ஒரு கிலோவைத் தாண்டினால் பிரஷர் குக்கர்தான், அதில் வாதாட ஒன்றுமில்லை. இந்தப் பெட்டி கிழங்கை அவிப்பதோடு நின்றுவிடும். மசியல் பஞ்சாக வருவதும் பசையாவதும் அதற்குப் பிறகு கையில்தான் இருக்கிறது. இன்னொன்று: பெட்டியோடு வரும் புத்தகத்தில் உள்ள நேரத்தை நம்பி நுவரெலியாவில் சமைத்தால் கிழங்கு நடுவில் நறுக்கென்றுதான் இருக்கும்.

காரணம் உயரம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் மேலே. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 96ஐ ஒட்டி. கிழங்கில் இருக்கும் மாச்சத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அது 60, 70 பாகையிலேயே தண்ணீரை இழுத்து வீங்கிவிடும். கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின்தான் பிடிவாதக்காரன். அது 85 பாகைக்கு மேல்தான் ஒழுங்காக இளகும், சூடு ஏற ஏற வேகமாக இளகும். அந்த நாலு முதல் ஆறு பாகை குறைவதால்தான் அடுப்பில் கிழங்கு அவிய இங்கே நேரம் பிடிக்கிறது. மைக்ரோவேவ் உள்ளிருந்தே சூடாக்குவதால் உயரம் அதைப் பாதிக்காது என்று கடைக்காரர் சொல்வார். பாதிக்கும். அது சூடாக்குவதும் கிழங்குக்குள் இருக்கும் தண்ணீரைத்தான், அந்தத் தண்ணீரும் 94இல் ஆவியாகத் தொடங்கும். கொதிநிலையை உயர்த்துவது பிரஷர் குக்கர் மட்டுமே. அதனால் புத்தகத்து நேரத்தோடு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்கள் பெட்டியின் உண்மையான வலுவைத் தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் ஒட்டியிருக்கும் 1,200 வாட் அது இழுக்கும் கரண்டு, கிழங்குக்குப் போய்ச் சேருவது 700, 800தான். ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி வெப்பமானியால் அளந்து, முழு வலுவில் சரியாக ஒரு நிமிடம் வைத்து, கலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறிய பாகையை 70ஆல் பெருக்கினால் வரும் வாட்தான் உங்கள் பெட்டி. 11 பாகை ஏறினால் 770 வாட். இதைக் காலையில் ஒரு தடவையும் மாலை ஏழு மணிக்கு ஒரு தடவையும் செய்து பாருங்கள். வயர் நெடுந்தூரம் இழுத்த தோட்டப் பகுதிகளில் எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில் வோல்ற்றேஜ் விழும், பழைய வகை ட்ரான்ஸ்ஃபோர்மர் பெட்டிகளின் வலுவும் கூடவே விழும். காலையில் சரியாக அவிந்த அதே கிழங்கு இரவில் அரைவேக்காடாக நிற்பது அதனால்தான்.

கிழங்கைப் பற்றி. எங்கள் பக்கம் கூடுதலாக விளைவது கிரனோலா. மஞ்சள் சதை, நல்ல ருசி, ஆனால் மாவாக உதிரும் இனம் இல்லை. மசியலுக்கும் ஆகும், கறிக்கும் ஆகும். தோண்டிய கையோடு வரும், விரலால் தேய்த்தால் தோல் உரிகிற புதுக் கிழங்கு மசியலுக்கு ஆகாது. தண்ணீர் அதிகம், மசித்தால் வழவழக்கும். இரண்டு மூன்று வாரம் இருட்டில் காற்றோட்டமாக வைத்த கிழங்கே வேண்டும். சந்தேகம் என்றால் 11 கப் தண்ணீரில் ஒரு கப் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மாப்பிடிப்புள்ளது அடியில் போகும், தண்ணீர்க் கிழங்கு மிதக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் கூடினால் மாச்சத்து சீனியாக மாறி மசியல் இனிக்கும். ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டும் இரவுகளில் வெளித் தாழ்வாரத்தில் கிடந்த மூட்டைக்கும் இதே கதிதான். பச்சை பிடித்த பகுதியைத் தடிப்பாகச் செதுக்கி எறியுங்கள், அந்த நஞ்சு எந்த அடுப்பிலும் அழியாது.

இனி அளவு. தோல் சீவிய கிழங்கு 500 கிராம், தண்ணீர் நான்கு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டர் 40 கிராம், பால் 100 மில்லிலீற்றர். பசும்பால் இல்லையென்றால் அதே அளவு சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பால்மா.

கிழங்கை 2 சென்ரிமீற்றர் துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவில் வெட்ட வேண்டும். அளவு பிசகினால் சின்னது வறண்டுபோகும், பெரியது வேகாது. வெட்டியதை ஒரு தடவை அலசி மேல்மாவைப் போக்குங்கள். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரே அடுக்காக, நடுவில் ஒரு தேநீர்க் கோப்பை நிற்கும் அளவு வெற்றிடம் விட்டு வளையமாகப் பரப்புங்கள். தட்டு சுற்றினாலும் நடுவில் கிடப்பது ஒரே இடத்தில்தான் நிற்கிறது, வெப்பமும் அங்கே ஒழுங்காகக் கிடைப்பதில்லை. உப்பைத் தண்ணீரில் கரைத்தே ஊற்றுங்கள். தூவினால் உப்பு விழுந்த இடமெல்லாம் தோல் போலக் காய்ந்துவிடும். மேலே பீங்கான் தட்டைக் கவிழ்த்து மூடி, முழு வலுவில் நான்கு நிமிடம். எடுத்துக் கிளறி, வளையத்தின் வெளியோரத்தில் இருந்ததை உட்பக்கமும் உட்பக்கம் இருந்ததை வெளியோரத்துக்கும் மாற்றி, மூடி, 60 வீத வலுவில் ஆறு நிமிடம். மூடி திறக்காமல் மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள்.

வலுவைக் குறைப்பது பலர் செய்யாத காரியம், முக்கியமும் அதுதான். முதல் நான்கு நிமிடத்தில் கிழங்கு கொதிசூட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வலுவைக் கொடுத்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகிப் போகும். 800 வாட்டில் ஐந்து நிமிடம் ஓடினால் 100 மில்லிலீற்றர் தண்ணீர் பறந்துவிடும். ஊற்றியதோ 60. மீதி கிழங்கிலிருந்துதான் போகிறது. ஓரங்களில் கடிபடும் ரப்பர்த் துண்டுகள் வருவது இப்படித்தான்.

வெந்ததா என்று முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு துண்டை எடுத்துக் கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் சுவரில் நசுக்குங்கள். மணல் மணலாக உதிர வேண்டும். நடுவில் ஒரு குருத்துத் தட்டுப்பட்டால் இரண்டு மேசைக்கரண்டி கொதிதண்ணீர் விட்டு இன்னும் இரண்டு நிமிடம். பாதியில் கரண்டு போனால் வரும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே அடுப்பில் ஏற்றுங்கள். 55 முதல் 70 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் கிடந்த கிழங்கில் பெக்டின் இறுகிப் போகும். பிறகு எவ்வளவு அவித்தாலும் அந்த நறுக்கு முழுதாகப் போகாது.

அடியில் தண்ணீர் மிச்சமிருந்தால் வடித்துவிட்டு, மூடாமல் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தை ஓட்டுங்கள். துண்டுகளின் ஓரம் வெளிறி மாப்பூத்தது போலத் தெரியும். அந்தச் சூட்டோடு மசிக்க வேண்டும். பருப்பு மத்து போதும். இடியப்ப உரல் இன்னும் நல்லது, ஆனால் இடியப்ப அச்சைக் கழற்றிவிட்டுப் பெரிய துளை முறுக்கு அச்சைப் போடுங்கள், இல்லையென்றால் கைதான் வலிக்கும். பிளெண்டர், கிரைண்டர் பக்கமே போக வேண்டாம். கத்தி கலங்களைக் கிழித்து உள்ளிருக்கும் மாச்சத்தை வெளியே விட்டதும் மசியல் போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும். பசையானதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை; கட்லட்டுக்கு வேண்டுமானால் ஒதுக்கலாம்.

பட்டர் முதலில், பால் பிறகு. கொழுப்பு மாச்சத்தைப் போர்த்திக்கொண்டால் பால் ஊற்றும்போது இழுபடாது. பால் சூடாக இருக்க வேண்டும், மூன்று தடவையாக ஊற்ற வேண்டும், மரக்கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும். மிளகுத்தூள் கடைசியில். மார்ஜரின் போடலாம், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேங்காயின் முதற்பாலும் ஒத்துப்போகும். அப்படிச் செய்தால் பட்டரைப் பாதியாக்கி, கருவேப்பிலையும் ரம்பையும் வதக்கிச் சேர்த்துப் பாணோடு சாப்பிட்டுப் பாருங்கள், பக்கத்தில் கட்டச்சம்பல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தோலோடு முழுக்கிழங்காகவும் வைக்கலாம். முள்ளுக்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்தாவிட்டால் வெடிக்கும். வெட்டி அவிப்பதை விட நேரமும் கூடுதல், தோலடியில் ஒரு காய்ந்த வளையமும் வரும். மசியலுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

தோட்டத்து வீடுகளில் எனாமல் கோப்பையும் சில்வர் தட்டும்தான் அதிகம். இரண்டும் உள்ளே போகக் கூடாது, எனாமலுக்கு அடியில் இருப்பதும் இரும்புதான். தங்கக் கரை போட்ட பீங்கான் பொறி பறக்கும். ஐஸ்கிரீம் டப்பா உருகும். பிளக் விடயத்திலும் கவனம்: 1,200 வாட் பெட்டி 230 வோல்ற்றில் 5.2 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் வட்டமுனைப் பேஸில் அடப்டர் போட்டுச் செருகி ஓட்டினால் முனை கருகும். செலவு பெரிதில்லை, ஒரு தடவைக்கு 0.2 யூனிட்டுக்குள்தான்.

நீண்ட நாளில் தேய்வது பெட்டியின் உட்சுவரில் அலை வரும் வாயை மூடியிருக்கும் மைக்கா தகடு. மாவும் பட்டரும் தெறித்து அதில் காய்ந்து கருகினால் அந்த இடத்திலேயே பொறி பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஓட்டை விழுந்தால் புதுத் தகடு வாங்கிப் பழையதின் அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடலாம். மூடுபனிக் காலத்தில் உள்ளே நிற்கும் ஆவி காயாது, பெயின்ற் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். சமைத்த பின் கதவைப் பதினைந்து நிமிடம் திறந்து வையுங்கள், பிறகு மூடிவிடுங்கள். சூடு தேடி வரும் கரப்பான் பூச்சி குடியேறினால் பட்டன்கள் வேலை செய்யாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றி வைப்பது நல்லது.

மிஞ்சிய மசியலை மறுநாள் சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, 50 வீத வலுவில் இரண்டு நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளறல். கட்லட் பிடிக்க எடுத்து வைப்பதாக இருந்தால் பால் ஊற்றுவதற்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்குங்கள். பால் சேர்ந்த மசியல் எண்ணெயில் பிளந்துபோகும்.