பிள்ளையைச் சட்டியில் இருத்தும் பருவம்: நீண்ட காலப் பாவனைக்குப் பின்

மலசலம் கழிக்கப் பிள்ளையை இருத்தும் பிளாஸ்டிக் சட்டியொன்றைக் கிளிநொச்சிச் சந்தையில் வாங்கினோம். அதை என் மகன் இரண்டு வயதை அண்டிய காலத்திலிருந்து பாவித்து வந்தான். இப்போது அவனுக்கு நான்கு வயது கடந்துவிட்டது. ஆகவே அந்தச் சட்டி எப்படி உழைத்தது என்பதையும், பிள்ளையை அதில் இருத்தும் பருவம் வந்துவிட்டதை எதைக் கொண்டு அறிந்தோம் என்பதையும் நிதானமாக எழுத முடிகிறது. இரண்டில் பின்னதுதான் முக்கியம். ஆயத்தமாகாத பிள்ளைக்கு எந்தச் சட்டியும் விளையாட்டுச் சாமானே.

வீட்டில் முதலில் எழுந்த பேச்சு வயதைப் பற்றியது. "நீ ஒரு வயசிலயே சட்டியில இருந்தனீ, இவன் இன்னும் பம்பஸோட திரியிறான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது பொய்யல்ல. பால் குடித்து முடித்த குழந்தையைத் தாய் காலை நீட்டி அதன்மேல் இருத்துவது பரந்தன் பக்கத்து வயற்கிராமங்களில் இன்றும் உள்ள வழக்கம். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால் அந்த நேரத்தில் பெரும்பாலும் காரியம் நடக்கும்; துணி தோய்க்கும் வேலையும் குறையும். ஆனால் அங்கே நேரம் பார்ப்பவர் தாயே தவிரப் பிள்ளையல்ல. சலத்தையும் மலத்தையும் தானாக அடக்கி, தானாக விடும் ஆற்றல் பொதுவாக 18 மாதத்துக்குப் பிறகே படிப்படியாக வருகிறது. பல பிள்ளைகளுக்கு இரண்டரை, மூன்று வயதுவரை செல்வதும் இயல்பு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் ப்ரேசல்டன் 1962இல் 1,170 பிள்ளைகளின் விபரங்களை வெளியிட்டபோது, பகல் நேரப் பழக்கம் கைகூடிய சராசரி வயது 28 மாதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. இதைச் சொன்னபின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவசரப்படுத்துவதை நிறுத்தினார்.

ஆயத்த அடையாளங்கள் என்று பல சொல்லப்படுகின்றன: இரண்டு மணித்தியாலமளவு நனையாமல் இருத்தல், காற்சட்டையைத் தானே இறக்குதல், சொன்ன சிறு வேலையைச் செய்தல், பெரியவர்கள் மலசலகூடம் போவதில் அக்கறை காட்டுதல். எல்லாவற்றுக்கும் ஒரே பெறுமதி கிடையாது என்பதே என் கருத்து. கடைசியாகச் சொன்ன அக்கறையை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். எங்கள் வளவில் ஒரு வயதுப் பிள்ளையும் எல்லோருக்கும் பின்னால் போய்க் கதவைத் தட்டும். நம்பத்தக்கவை இரண்டு. ஒன்று, மதிய நித்திரையால் எழும்பும்போது பம்பஸ் உலர்ந்திருப்பது. சலப்பை கொள்ளப் பழகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. மற்றையது, மறைவிடம் தேடுவது. பெரும்போக அறுவடை முடிந்து விறாந்தையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த நாட்களில், மகன் விளையாட்டை இடையில் விட்டுவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய், சாக்கின் காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க அசையாமல் நிற்பான். யாராவது எட்டிப் பார்த்தால் "போங்கோ" என்பான். வருவதை வருமுன்னே அவன் உணர்கிறான் என்பது அதிலிருந்து தெளிவாகியது. நனைந்தபின் வந்து சொல்வதும் நல்ல அறிகுறிதான், ஆனால் அது ஒரு படி முந்தியது. அந்தக் கட்டத்தில் தொடங்காமல் சில வாரம் பொறுத்திருப்பது எல்லோருக்கும் இலகு.

நாங்கள் ஆடி மாத வெயிலில் தொடங்கினோம். மெல்லிய பருத்திக் காற்சட்டையோடு முற்றத்தில் விடலாம், தோய்த்த துணி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் இதை ஆரம்பிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சில நிமிடம் இருத்துவோம், வராவிட்டால் எழுப்பிவிடுவோம்.

சட்டியைப் பொறுத்தவரை, அடி அகலமாக இருப்பதும், இருக்கும்போது பிள்ளையின் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படிவதும் போதும். கால் தொங்கினால் முக்க முடியாது. உள்ளே உள்ள கிண்ணம் தனியாகக் கழன்று வருவது கழுவ வசதி. முன்பக்கத்தில் சலம் தெறிக்காமல் உயர்த்திய விளிம்பு, இருக்கும்போதும் எழும்பும்போதும் தொடையை உராய்ந்தது. ஆண் பிள்ளைகளுக்கு அது தேவை என்று விற்கிறார்கள், சற்று முன்னால் குனிந்து இருக்கப் பழக்கினால் தேவையில்லை. கனடாவிலிருந்து சின்னம்மா அனுப்பிய பாட்டுப் பாடும் சட்டியும் எங்களிடம் இருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அவன் பாதியில் எழும்பிவிடுவான். பற்றரி முடிந்த பிறகுதான் அது உபயோகப்பட்டது. கிணற்றடி வெயிலில் விட்டுவைத்தால் பிளாஸ்டிக் வெடிக்கும், கழுவப் பிந்தினால் எறும்பு வரும். சிறு பிள்ளையின் மலந்தானே என்று வேலியோரம் கொட்டுவது கூடாது. அதிலும் கிருமி உண்டு. மலசலகூடத்தில் ஊற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மலசலகூடம் பெரும்பாலும் வீட்டை விட்டுத் தள்ளி வளவின் பின்புறம் இருப்பதால், சட்டியிலிருந்து அங்கு மாறுவது தனியொரு வேலை. குந்தும் இடத்தின் கால்வைப்பு பெரியவர்களின் அளவு. பிள்ளைக்குக் கால் எட்டாது, துவாரத்தைக் கண்டு பயமும் வரும். நாங்கள் சட்டியை மெல்ல மெல்ல நகர்த்திக் கடைசியில் மலசலகூடத்துக்குள்ளேயே வைத்தோம். வாளித் தண்ணீரை அவனே ஊற்றலாம் என்றதும் பயம் பாதி குறைந்தது.

தங்கை பிறந்த மாதத்தில் எல்லாம் பின்னோக்கிப் போனது. அதோடு மலம் இறுகி, ஒருமுறை நொந்ததால் அடக்கத் தொடங்கினான். கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தர், சட்டியைப் பற்றிப் பேசாமல் முதலில் மலத்தை இளக்கும்படி சொன்னார். தண்ணீரும் பப்பாசிப்பழமும் கூட்டி, பம்பஸைக் கேட்டபோது மறுக்காமல் கொடுத்தோம். சில வாரத்தில் தானே திரும்பி வந்தான்.

இரவு வேறு கணக்கு. நித்திரையில் சலம் சுரப்பது குறைவதும், நிறைந்த சலப்பை ஆளை எழுப்புவதும் உடல் தானாக முதிர வேண்டிய விடயங்கள். ஐந்து வயதுக்கு முன் இரவில் படுக்கையை நனைப்பதை வைத்தியர்கள் நோயாகக் கொள்வதில்லை. எங்கள் பாய்க்கு மேல் றப்பர் விரிப்பு இன்னும் கிடக்கிறது. ஆறு மாதம் நனையாமலிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினாலோ, சலம் போகையில் எரிவு, வழமைக்கு மீறிய தாகம் என்று ஏதும் இருந்தாலோ மட்டும் வயதைப் பாராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.